குழிக்குள்ள மூணு இன்ஜினீயர்!

குற்றாலத்துல சீசன் களைகட்டியாச்சு! மெயின் ஃபால்ஸ்ல தலையைக் காட்ட க்யூ, ஐந்தருவியில கும்மாளம், பழைய குற்றாலம் போற ரோடு பூரா வேன். ரோட்டோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிஞ்சு கிடக்கு. ஊரே தண்ணிக்கு அடியில நின்னுட்டிருக்கும்போது, நான் மட்டும் ஒரு குழிக்குள்ள உக்காந்திருந்தேன். கையில இன்ச் டேப்பு. தலைக்கு மேல என் சித்தி. "ஏல, அருவியில குளிக்க வந்த பயலுவள எல்லாம் கூட்டிட்டு வந்து என் தறிக்குழியில எறக்கி விட்டிருக்கியே... ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

கிறுக்கு எல்லாம் இல்லை மக்களே, கவலைதான்.

எங்க வீடு தென்காசியிலேர்ந்து குற்றாலம் போற வழியில ஒரு சின்ன தெருவுல இருக்கு. சித்தி வீட்டு முன்கட்டுல ஒரு குழித்தறி. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து 'டக்கு... டக்கு...'ன்னு அந்தச் சத்தம்தான் எங்க அலாரம். போன வருஷத்துலேர்ந்து அந்தச் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்குது. சித்திக்கு இடுப்பு வலி. கழுத்து வலி. டாக்டர் பார்த்துட்டு, "ஒண்ணு உக்கார்ற விதத்தை மாத்துங்க, இல்லைன்னா தொழிலை மாத்துங்க"ன்னு சொல்லிட்டார். சித்திக்கு வயசு நாற்பத்தி நாலு. வேற என்ன தொழில் தெரியும்? தறியில பாதி நெய்த சேலை வேற நிக்குது. முழுசா முடிச்சுக் குடுத்தாத்தான் சங்கத்துல கூலி.

செமஸ்டர் லீவுக்கு வந்த நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். சீசன்ல குளிக்க வந்த ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர். ஒருத்தன் சிவில், ஒருத்தன் ஈ.ஈ.ஈ. "நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்கோமே, ஒரு தறியைச் சரி பண்ண முடியாதா?"ன்னு ஒரு வேகத்துல கிளம்பிட்டோம். ஒரு வாரம் ஆச்சு. நடுவுல பல்பும் வாங்கினோம். அந்தக் கதைதான் இது!

குழி எதுக்கு?

முதல்ல தறி தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி கிளாஸ். நீளவாக்குல இழுத்துக் கட்டியிருக்கிற நூல் 'பாவு'. குறுக்கால ஓடுற நூல் 'ஊடை'. காலால மிதியை அமுக்கினா விழுது பாவைப் பிரிச்சு மேல பாதி, கீழ பாதின்னு வழி விடும். அந்த வழியில நாடா ஒரு பக்கத்துலேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் பாயும். நாடாவுக்குள்ள தார்க்குச்சியில சுத்தின ஊடை நூல். உடனே அச்சு பூட்டின பலகையை இழுத்து ஒரு தட்டு. ஒரு இழை முடிஞ்சுது. மறுபடி அடுத்த மிதி.

குழித்தறியில நெய்யறவங்க தரை மட்டத்துல உக்காந்து காலைக் குழிக்குள்ள விட்டுக்குவாங்க. மிதியெல்லாம் குழிக்குள்ள. தறிக்குப் பெரிய சட்டம் தேவையில்லை. தரையே பாதி சட்டம்! கூரை தாழ்ந்த சின்ன வீட்டுலகூட அடங்கிடும். பாவு தரையை ஒட்டி இருக்கிறதால மண்ணோட ஈரம் நூலுக்குக் கிடைக்கும். பருத்தி நூலுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஈரம் ஏறினா அதோட பலமும் ஏறும். ரேயான் நேர் எதிர், நனைஞ்சா பலம் போயிடும். காய்ஞ்ச காத்துல பருத்திப் பாவு பட்டு பட்டுன்னு அறும். இதை எந்த லேபும் இல்லாம கண்டுபிடிச்சு, குழி தோண்டி உக்காந்தவங்க நம்ம ஆளுங்க!

இப்ப ஒரு கணக்கு. சேலை அஞ்சரை மீட்டர். இன்ச்சுக்கு 60 ஊடைன்னு வெச்சுக்குவோம். அஞ்சரை மீட்டர்னா சுமாரா 216 இன்ச். பெருக்கிப் பாருங்க... கிட்டத்தட்ட 13,000 ஊடை! அதாவது ஒரே ஒரு சேலைக்கு 13,000 தடவை மிதி, 13,000 தடவை கயிறு இழுப்பு, 13,000 தடவை பலகை அடி. உக்கார்ற இடம் அரை இன்ச் தப்பா இருந்தா, அந்தத் தப்பும் 13,000 தடவை நடக்கும். சித்தியோட இடுப்பு வலிக்கு இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?

நூலோட நீளத்தைக் கேட்டா இன்னும் மலைப்பா இருக்கும். 80-ஆம் நம்பர் நூல்னா, ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளத்துல 80 சிட்டம் வரும்னு அர்த்தம். மொத்தம் 67,200 கஜம். 61 கிலோமீட்டருக்கு மேல! அரைக் கிலோகூட இல்லாத நூலோட ஒரு முனையைத் தென்காசியில கட்டிட்டு பஸ் ஏறினா, திருநெல்வேலி போய்ச் சேர்ந்த பிறகும் கையில மிச்சம் இருக்கும்.

மெக்கானிக்கல் வாங்கின பல்பு!

முதல்ல களத்துல இறங்கினது நான்தான். சித்தி உக்கார்றது ஒரு பழைய பலகை. அதுக்கு மேல மடிச்ச சாக்கு. உக்காந்ததும் கவனிச்சேன். தோள் ரெண்டும் காது பக்கம் தூக்கிட்டு நிக்குது. காரணம், துணி சுத்துற உருளை முழங்கையை விட உயரத்துல இருக்கு. நாள் பூரா தோளைத் தூக்கிட்டே வேலை பார்த்தா கழுத்து வலிக்காம என்ன செய்யும்?

"சிம்பிள்! சீட்டை ஏத்திட்டாப் போச்சு"ன்னு மூணு இன்ச் உயரத்துக்குப் பலகை அடிச்சு, மேல பஞ்சு வெச்சுத் தெச்சுப் போட்டேன். சித்தி உக்காந்தா. தோள் இறங்கிச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். அடுத்த அரை மணி நேரத்துல 'சரக்'னு ஒரு சத்தம். நாடா பாவுக்குள்ள மாட்டி நாற்பது இழைக்கு மேல அறுந்து தொங்குது!

சித்தி ஒண்ணும் பேசலை. ஒவ்வொரு இழையா எடுத்து முடிச்சுப் போட ஆரம்பிச்சா. சாயங்காலம் வரைக்கும் போட்டா. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

எங்கே தப்பு? சீட்டு மூணு இன்ச் ஏறினா, கால் பாதத்துக்கும் மிதிக்கும் நடுவுல இருக்கிற தூரமும் மூணு இன்ச் கூடும். மிதி கடைசி வரைக்கும் அமுங்கலை. பாவு முழுசாப் பிரியலை. பாதி திறந்த கதவுல வண்டியை விட்ட மாதிரி நாடா நூலுல போய் இடிச்சுது. போதாக்குறைக்கு எட்டாத மிதியை எட்டறதுக்காக சித்தி சீட்டு நுனிக்கு நழுவி வந்து, இடுப்பை இன்னும் வளைச்சிருக்கா. தறியில எந்த ஒரு அளவும் தனியா இல்லைங்க. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு நகரும். இதைப் புஸ்தகத்துல படிச்சப்ப மார்க் வந்துச்சு. இங்கே படிச்சப்பதான் மண்டையில ஏறுச்சு.

அப்புறம் பொறுமையா ஒவ்வொண்ணாப் பண்ணினோம். சீட்டு உயரத்தை ரெண்டு இன்ச்சா குறைச்சோம். மூணு இன்ச்சுல தோள் இறங்குது, ஆனா துணியைப் பார்க்கக் கழுத்து அதிகம் குனியுது. ரெண்டுல ரெண்டும் சமாளிக்குது. விழுதுலேர்ந்து மிதிக்கு வர்ற கயித்தை அதே ரெண்டு இன்ச் சுருக்கிக் கட்டினோம். மிதியும் மேல வந்துச்சு, பழையபடி முழுசா அமுங்குது. சீட்டு முன்பக்கம் லேசா சரிவா இருக்கிற மாதிரி பின்னால ஒரு ஆப்பு வெச்சோம். சரிவா உக்காந்தா இடுப்பு தானா நிமிரும், முதுகு கூன் போடாது. நாடா இழுக்கிற கைப்பிடிக் கயித்தையும் நீளம் மாத்தினோம். முழங்கை உடம்பை ஒட்டி இருக்கும்போதே கைப்பிடி கையில இருக்கணும். அவ்வளவுதான் விதி!

சிவிலுக்கும் சித்திக்கும் சண்டை!

தென்காசியில சாரல்னா சும்மா இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து ஊரையே தள்ளும். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல்ல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், வேட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டுத்தான் சாமி கும்பிடணும். அந்தக் காத்தை நம்பித்தான் சுரண்டை பக்கம் காத்தாடியெல்லாம் சுத்துது. காத்தாடிக்குக் கொண்டாட்டம், தறிக்குத் திண்டாட்டம்! பாவைத் தெருவுல நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கணும். சாரல் விழுந்தா அன்னிக்கு அந்த வேலை அவுட். ஈரத்தோட விட்டா கஞ்சியில பூஞ்சை பிடிக்கும். அச்சு இரும்பா இருந்தா துரு ஏறி, துணியில மஞ்சக் கறையா வந்து நிக்கும்.

குழியோட கதை இன்னும் மோசம். மழை பிடிச்சா ஓரத்துலேர்ந்து தண்ணி கசியும். சித்தி நாள் பூரா ஈர மண்ணுல காலை வெச்சுட்டே நெய்வா. பூச்சி, தேள் வேற. காலை விடறதுக்கு முன்னாடி ஒரு கம்பால குழியைத் தட்டிப் பார்க்கறது எங்க வீட்டுப் பழக்கம்.

சிவில் ஃப்ரெண்டு குழியைப் பார்த்ததும் உற்சாகமாயிட்டான். "நாலு பக்கமும் அடியிலயும் சிமென்ட் பூசி, வாட்டர் ப்ரூஃப் பண்ணி, ஒரு சொட்டு ஈரம் இல்லாம ஆக்கிடுறேன் ஆன்ட்டி." சித்தி முகம் மாறிடுச்சு. "அப்ப பங்குனி, சித்திரையில பாவு அறுமே... அப்ப நீயா வந்து முடிச்சுப் போடுவ?" பையன் கப்சிப்! ஈரமும் வேணும், காலும் நனையக் கூடாது. இதுதான் கேள்வி.

கடைசியில ஒரு சமாதான உடன்படிக்கை. குழியோட பக்கச் சுவருக்கு மட்டும் செங்கல்லும் பூச்சும். குழியைச் சுத்தி மூணு இன்ச் உயரத்துக்கு ஒரு வரப்பு. தரையில ஓடி வர்ற தண்ணி இனிமே குழிக்குள்ள எட்டிப் பார்க்காது. அடித்தரை மண்ணாவே இருக்கும். அதுக்கு மேல இடைவெளி விட்டு அடிச்ச மரச்சட்டம். கால் சட்டத்து மேல, ஈரம் சட்டத்துக்குக் கீழே! சட்டத்தைத் தூக்கி வெயில்ல காய வெச்சுக்கலாம், குழியைப் பெருக்கிக்கலாம். கோடையில எப்பவும் போல பாவுக்கு அடியில தரையில தண்ணி தெளிச்சுக்க வேண்டியதுதான்.

வலி கண்ணுல இருந்துச்சு!

ஈ.ஈ.ஈ. பையன் முதல் நாள் பூரா ஒண்ணும் செய்யலை. சும்மா உக்காந்து சித்தி நெய்யறதையே பார்த்துட்டிருந்தான். 'ஓபி அடிக்கான்'னு நினைச்சோம். ரெண்டாம் நாள் கேட்டான். "ஆன்ட்டி, நீங்க ஏன் ஒவ்வொரு பத்து இழைக்கும் ஒரு தடவை முன்னாடி குனியுறீங்க?"

"நெழலு விழுதுய்யா. இழை அந்துருக்கா இல்லையான்னு தெரியல."

அப்பதான் அண்ணாந்து பார்த்தோம். டியூப் லைட் சித்தியோட முதுகுக்குப் பின்னால சுவத்துல இருக்கு! அவ தலையோட நிழல் சரியா நெய்யற இடத்துலதான் விழுது. அதுவும் சாரல் நாள்ல பகல்லயே இருட்டிக்கும். பல வருஷமா அந்த நிழலுக்குள்ள எட்டி எட்டிப் பார்த்ததுல பாதி இடுப்பு வலி வந்திருக்கு. நாங்க சீட்டைச் சரி பண்ணுனோம், குழியைச் சரி பண்ணுனோம். அவன் ஒரு விளக்கைப் பத்தடி தள்ளி மாட்டினான். தறிக்கு மேல, சித்தி தலைக்குக் கொஞ்சம் முன்னால, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு எல்.இ.டி. டியூப். ஒரு பக்க நிழலை இன்னொரு பக்க வெளிச்சம் அழிச்சிடும். கறுத்துப் போன சுவத்துக்கு ஒரு கோட்டிங் வெள்ளை. மொத்தச் செலவுல இதுதான் கம்மி, பலன்ல இதுதான் ஜாஸ்தி.

ஃபேன் விஷயத்துல மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. ஃபேன் போட்டா பாவு காயுதுன்னு சித்தி போட விட மாட்டா. வேர்த்துக் கொட்டிட்டே நெய்வா. இப்போதைக்கு முதுகுக்கு மட்டும் படற மாதிரி பக்கவாட்டுல ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வெச்சிருக்கோம். பாவு பக்கம் திரும்புச்சுன்னா அதுக்கு ஆயுள் முடிஞ்சுதுன்னு எச்சரிக்கையும் வந்தாச்சு.

நமக்கு முன்னாடி வந்த இன்ஜினீயர்!

தறியில கை வெச்ச முதல் இன்ஜினீயர்ங்க நாங்கதான்னு பெருமையா இருந்தோம். தேடிப் பார்த்தா, இதுக்கு ஒரு நூறு வருஷக் கதையே இருக்கு! கயித்தை இழுத்தா நாடா தானா ஓடுற ஏற்பாட்டை 1733-ல இங்கிலாந்துல ஜான் கே கண்டுபிடிச்சார். அதுக்கு முன்னாடி ஒரு கையால எறிஞ்சு மறு கையால பிடிக்கணும். அகலத் துணின்னா ரெண்டு ஆள் வேணும். அந்த நாடாவை நம்ம மாகாணத்து நெசவாளர்கள்கிட்ட பரப்ப முயற்சி பண்ணினவர்ல ஒருத்தர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னை இன்ஜினீயரிங் காலேஜ்ல புரொபசரா இருந்தவர்! 1906 வாக்குல சேலத்துல அரசு சார்புல ஒரு நெசவுக்கூடம் ஆரம்பிச்சு, நெசவாளர்களைக் கூப்பிட்டு ஒரே கூரைக்குக் கீழே நெய்ய வெச்சுப் பார்த்தார். தறி நல்ல தறிதான். ஆனா நெசவாளர்களுக்கு மணியடிச்சா வர்றது, மணியடிச்சா போறது சரிப்பட்டு வரலை. வீட்டுத் தறியைத்தான் விரும்பினாங்க. சில வருஷத்துல கூடத்தை மூடிட்டாங்க. கயிறு இழுக்கிற நாடா மட்டும் தங்கிடுச்சு.

வீட்டுத் தறியை ஏன் விட மாட்டாங்கன்னு சித்தியைப் பார்த்தாலே புரியும். உலையில அரிசி போட்டுட்டு நாலு இழை. புள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு நாற்பது இழை. 2019-20-ல எடுத்த நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புல, கைத்தறித் தொழில்ல இருக்கிறவங்க 35 லட்சத்துக்கும் மேல. நெசவாளர்கள்ல பத்துல ஏழு பேருக்கு மேல பெண்கள். வீடும் தொழிற்சாலையும் ஒண்ணா இருக்கிறதாலதான் அவங்களால நெய்ய முடியுது. அதே காரணத்தாலதான், அவங்க உக்கார்ற இடத்தை யாரும் தொழிற்சாலையாப் பார்க்கறதும் இல்லை. ஃபேக்டரின்னா சீட்டு எங்கே, லைட்டு எங்கேன்னு கேட்க சட்டம் இருக்கு. வீட்டுத் தறிக்குழியை எட்டிப் பார்த்துக் கேட்கறது யாரு?

தறி கைவிட்டா என்ன ஆகும்னு எங்க பக்கத்து ஊரு கடையநல்லூருக்கு நல்லாத் தெரியும். நெசவுதான் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு. மில் துணி வந்து, பஞ்சமும் வந்து தறி படுத்தப்ப, போன நூற்றாண்டோட முதல் பாதியில நெசவாளர் குடும்பங்கள் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினாங்க. அங்கே தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினாங்க. 1941-ல சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவாச்சு. 1946-ல உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை ஆரம்பிச்சாங்க. கடல் கடந்து தமிழ் வாழ்ந்த கதைதான். ஆனா அந்தக் கதையோட முதல் பக்கத்துல நின்னு போன ஒரு தறி இருக்கு.

நல்ல சேதியும் இருக்கு. எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துல, வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. தமிழ்நாடு அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டா இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல 300 யூனிட்டா உயர்த்துச்சு. லைட்டை ரெண்டா மாட்டலாமான்னு யோசிச்ச சித்திக்கு நாங்க சொன்ன பாயிண்ட் இதுதான்! மத்திய அரசோட ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதான்னு 2016-ல தொடங்கின திட்டத்துல, தறி, துணைச் சாமான்களுக்கு உதவி உண்டு. உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ தறி இருந்தா, கூட்டுறவு சங்கத்துலயோ கைத்தறித் துறை உதவி இயக்குநர் ஆபீஸ்லயோ ஒரு வார்த்தை கேளுங்க. விண்ணப்பம் எழுதிக் குடுக்க ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் போதும்!

தறி வீட்டுக்குப் போறீங்களா? செக் லிஸ்ட் ரெடி!

* உக்காந்து பலகையைப் பிடிக்கும்போது தோள் தளர்வா இருக்கணும். முழங்கை, துணிக்குக் கொஞ்சம் மேல இருக்கணும்.

* சீட்டை எவ்வளவு ஏத்துறீங்களோ, மிதிக் கயித்தை அவ்வளவு சுருக்கணும். மறந்தா எங்க கதிதான்.

* ஒரு நேரத்துல ஒரே மாற்றம். ரெண்டு நாள் நெய்து பார்த்துட்டு அடுத்தது.

* விளக்கு முதுகுக்குப் பின்னால வேண்டாம். கை வைக்கிற இடத்துல நிழல் விழுதான்னு பாருங்க.

* குழிக்குள்ள காலுக்கு அடியில மரச்சட்டம். குழி ஓரத்துல வரப்பு. காலை விடறதுக்கு முன்னாடி கம்பால ஒரு தட்டு.

* அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, தார் சுத்துற மாதிரி வேற வேலை பாருங்க. உடம்புக்கு அதுவே ஓய்வு.

* தார், கத்தரி, முடிச்சுக்கான நூல் எல்லாம் கை எட்டுற தூரத்துல. திரும்பி எடுக்கற மாதிரி வெச்சா முதுகு முறுக்கும்.

* முக்கியமானது: அளக்கறதுக்கு முன்னாடி நெய்யறவங்ககிட்ட கேளுங்க!

ஹாஸ்டல் ரூம்ல தறி!

'எங்க வீட்டுல தறி இல்லையே'ன்னு ஃபீல் பண்றவங்களுக்கு ஒரு ஐடியா. பழைய போட்டோ ஃப்ரேம் ஒண்ணு எடுங்க. மேலயும் கீழயும் கால் இன்ச் இடைவெளியில சின்ன ஆணி அடிங்க. அழுத்தமான பருத்தி நூலை மேலும் கீழுமா இழுத்துக் கட்டினா பாவு ரெடி. அட்டையில வெட்டின துண்டுல ஊடை நூலைச் சுத்துங்க, அதான் நாடா. ஒரு ஸ்கேலை பாவுக்குள்ள ஒண்ணு விட்டு ஒண்ணாக் கோத்துத் திருப்பினா வழி பிரியும். பழைய சீப்பால இழையைத் தட்டலாம். புக் மார்க், பர்ஸ் எல்லாம் நெய்யலாம். ஃப்ரேமை மேஜையில படுக்க வைக்காம, நாலு அரியர் புஸ்தகத்தை அடுக்கி அது மேல சாய்ச்சு வெச்சுக்குங்க. கழுத்து குனிய வேண்டாம், புஸ்தகத்துக்கும் ஒரு பிரயோஜனம்! ஒரு சாண் நெய்து முடிக்கும்போது, கடையில கைத்தறித் துண்டுக்குப் பேரம் பேச வாய் வராது. கேரண்டி!

சரி... சித்தி எப்படி இருக்கா?

மூணு வாரம் கழிச்சுக் கேட்டேன். மேஜிக் எதுவும் நடக்கலை மக்களே. "வலி போவல. ஆனா சாயந்தரம் சோறு வடிக்கும்போது நிமுந்து நிக்கேன்." இவ்வளவுதான் சொன்னா. அந்தச் சேலை முடிஞ்சுது. அடுத்த பாவு தறியில ஏறியாச்சு. சித்தி பொண்ணு பன்னிரண்டாவது படிக்கா. நர்சிங் போகணும்னு இருக்கா. அவ இந்தக் குழியில உக்காரப் போறதில்லை, சித்தியும் உக்காரச் சொல்லப் போறதில்லை. என் சின்ன வயசுல எங்க தெருவுல எட்டு வீட்டுல கேட்ட சத்தம் இப்போ ரெண்டு வீட்டுல கேட்குது. மூணு இன்ஜினீயர் சேர்ந்து அந்தக் கணக்கை மாத்த முடியலை. ஒரு வீட்டுச் சத்தம் நிக்காம பார்த்துக்கிட்டோம்.

வேலையெல்லாம் முடிஞ்ச அன்னிக்கு ஆச்சி மெதுவா வந்தா. எங்க ஆச்சி நாற்பது வருஷத்துக்கு மேல அதே குழியில நெய்தவ. இப்போ முதுகு வளைஞ்சு, தரையைப் பார்த்துத்தான் நடப்பா. "நான் ஒருக்க உக்காந்து பாக்கட்டா?"ன்னு கேட்டா. ரெண்டு பேர் பிடிச்சு உக்கார வெச்சோம். கால் மிதியைத் தேடிப் போய்த் தானா அமர்ந்துச்சு. கை பலகையைப் பிடிச்சுது. ஒரு இழை, ரெண்டு இழை, மூணு இழை... கோணல் இல்லாம விழுந்துச்சு. அப்புறம் சீட்டைத் தடவிப் பார்த்துட்டுச் சொன்னா:

"நல்லாத்தான் இருக்குய்யா. ரெண்டு இஞ்சுப் பலகைதானா... இத அப்பமே எவனும் போட்டுத் தரலையே."

யாருக்கும் பேச்சு வரலை. வெளியில சாரல் தூவிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு சிவில் பையன்தான் ஆரம்பிச்சான். "மச்சி, நம்ம அருவிக்குப் போகவே இல்லைடா!"

கிளம்பினோம். வாசல் தாண்டும்போது பின்னால 'டக்கு... டக்கு...'ன்னு சத்தம் கேட்க ஆரம்பிச்சுது!